குறி தப்பினாலும் அருள் தப்பாது!



திருக்குறளில் 'படைச்செருக்கு' என்று ஓர் அதிகாரம் உண்டு. அதில் 772-ஆவது குறளில் வள்ளுவப் பெருந்தகை இரண்டு ஆயுதங்களை நம் முன்னால் வைக்கிறார். ஒன்று, காட்டு முயலின் மேல் பாய்ந்து வெற்றி கண்ட அம்பு. மற்றொன்று, யானையை நோக்கி எறிந்து குறி தப்பிய வேல். இரண்டில் எதைக் கையில் ஏந்துவது இனிது? தப்பிப்போன வேல்தான் இனிது என்கிறார் அவர்!

பெரிய காரியத்தில் கை வைத்துத் தோற்றவனுக்கு இதைவிட ஆறுதல் யாரால் சொல்ல முடியும்? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஏந்தல் இனிது' என்றுதான் சொன்னார். எறிந்த வேலைத் தேடிப் போய், எடுத்து, மறுபடியும் கையில் ஏந்த வேண்டும். தப்பிய இடத்திலேயே அதைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, 'யானை நகர்ந்துவிட்டது, காற்று அடித்தது, வேல் சரியில்லை' என்று கதை சொல்பவனுக்கு அந்த இனிமை கிடையாது.

நாமும் தினம்தோறும் எதையோ குறிவைத்து எறிந்துகொண்டுதான் இருக்கிறோம். ஆத்திரத்தில் ஒரு சொல், அவசரத்தில் ஒரு முடிவு, சந்தேகத்தில் ஒரு பழி. அவற்றில் எத்தனை தப்பின, தப்பியவை எங்கே போய் விழுந்தன என்று என்றைக்காவது போய்ப் பார்த்திருக்கிறோமா? பழைய வேட்டைக் கதைகள் இதற்குத்தான் நமக்குப் பாடமாக நிற்கின்றன.

குடமா, யானையா?

ஸ்ரீமத் ராமாயணத்தில் அயோத்தியா காண்டம். ராமபிரான் வனம் புகுந்துவிட்டார். தசரத சக்கரவர்த்தி உயிர் ஊசலாடக் கிடக்கிறார். அந்த இரவில் கோசலையிடம், அதுவரை நெஞ்சில் வைத்திருந்த ஒரு பழைய கதையைச் சொல்கிறார்.

அவர் இளவரசராக இருந்த காலம். மழைக்காலத்து இருட்டு. சரயு நதிக்கரை. தண்ணீர் குடிக்க யானையோ காட்டெருமையோ வரும் என்று வில்லோடு காத்திருக்கிறார். கண்ணால் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு அடிக்கும் வித்தையில் அவருக்கு ஊரெல்லாம் பேர். இருட்டில் 'களகள' என்று ஒரு சத்தம். யானை துதிக்கையால் நீர் உறிஞ்சுகிறது என்று நினைத்தார். அம்பு பறந்தது. அடுத்த கணம் கேட்டது மனிதக் குரல்! கண் தெரியாத பெற்றோருக்காகக் குடத்தில் நீர் மொண்டுகொண்டிருந்த முனிகுமாரன், மார்பில் அம்போடு கரையில் கிடந்தான்.

இங்கே தசரதரின் வில் தவறவில்லை, கையும் தவறவில்லை. ஒலி வந்த இடத்தில்தான் அம்பு தைத்தது. தவறியது என்ன? 'இது யானைதான்' என்ற முடிவு! கண்ணால் பார்க்காததைப் பார்த்ததாக மனம் எடுத்துக்கொண்டது. யாரோ சொன்னதைக் கேட்டு, யார் எவர் என்று விசாரிக்காமல் ஒருவர் மேல் பழி போடுகிறோமே, அதுவும் இருட்டில் ஒலி கேட்டு எய்த அம்புதான்.

ஆனாலும் தசரதர் அங்கிருந்து ஓடிப்போகவில்லை. பார்த்தவர் யாருமில்லை, நடு இரவு, ஓடியிருக்கலாம். மாறாக, குடத்தில் நீரை நிரப்பிக்கொண்டு, சாகும் தறுவாயில் அந்தப் பிள்ளையே காட்டிய ஒற்றையடிப் பாதையில் நடந்து, அந்த முதியவர்களிடம் போய், 'நான்தான் கொன்றேன்' என்று தன் வாயால் சொன்னார். முனிவர் சாபம் கொடுத்தது உண்மை. 'புத்திர சோகத்தால் நீயும் உயிர் விடுவாய்' என்றார். ஆனால் அதற்கு முன் அவர் சொன்ன இன்னொன்றை நாம் மறந்துவிடுகிறோம். 'நீயே வந்து சொன்னதால் பிழைத்தாய். சொல்லாமல் இருந்திருந்தால் உன் தலை சிதறியிருக்கும்' என்றார். மறைக்காததால் கிடைத்த சலுகை அது!

மகாபாரதத்தில் பாண்டுவுக்கும் இதே கதைதான். மான் உருவில் துணையோடு கூடியிருந்த கிந்தம முனிவரை மான் என்றெண்ணி எய்தான். முதலில் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. 'மன்னர்கள் மான் வேட்டையாடுவது வழக்கம்தானே' என்று வாதாடினான். 'வேட்டையாடியதற்காகச் சொல்லவில்லை, எய்த வேளை எப்படிப்பட்டது என்று பார்த்தாயா?' என்று கேட்டார் முனிவர். அந்தக் கேள்வி அவனைச் சுட்டது. அரசாட்சியையும் வேட்டையையும் விட்டுவிட்டுத் தவ வாழ்க்கைக்குப் போனான். சரியான சொல்லாகவே இருந்தாலும் சொல்லக்கூடாத வேளை என்று ஒன்று இருக்கிறதல்லவா? சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் மதிப்பெண் கணக்கைக் கேட்கும் பெற்றோர் பாண்டுவின் கதையைப் படிக்க வேண்டும்.

மாகறலில் உதிரம் கசிந்த புற்று

வடக்கே சரயுவுக்குப் போவானேன்? நம் செய்யாற்றங்கரைக்கே வாருங்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ள பெருநகர், பிரம்மபுரீஸ்வரர் அருளும் ஊர். அதன் பக்கத்தில் ஓடும் செய்யாறு கிழக்கே போய்த் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. அந்தப் பகுதியில், காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில் இருக்கிறது திருமாகறல். திருஞானசம்பந்தர் பாடிய பதி. அப்பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. சுவாமிக்குத் திருமாகறலீஸ்வரர் என்று திருநாமம். உடும்பீசர், புற்றிடங்கொண்டார், அடைக்கலம் காத்த நாதர் என்றும் அழைப்பார்கள். அம்பாள் திரிபுவனநாயகி.

தலவரலாறு இப்படிச் சொல்கிறது. பிரம்மன் இங்கே சிவபூஜை செய்து, ஒரு பலா மரத்தையும் உண்டாக்கினார். அது நாளுக்கு ஒரு பழம் கொடுக்கும். ராஜேந்திர சோழர் அந்தப் பழத்தை இத்தலத்து இறைவனுக்கு நிவேதனம் செய்து, பிறகு தில்லை நடராஜப் பெருமானுக்கு அனுப்பி, அதன் பின்னரே பிரசாதமாகத் தாம் பெறுவது வழக்கம். ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பழத்தைத் தலையில் சுமந்து தில்லைக்கு நடக்க வேண்டும். மாகறலிலிருந்து சிதம்பரம் எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பாருங்கள்! ஊர் மக்கள் படும் பாட்டைக் கண்டு பொறுக்காத ஒரு சிறுவன், தன் முறை வந்தபோது அந்த மரத்துக்கே நெருப்பு வைத்துவிட்டான். மன்னர் அவனை நாடு கடத்தினார்.

அவனை விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் மன்னரின் கண்ணுக்கு ஒரு பொன்னிற உடும்பு தென்பட்டது. ஆசை வந்தது. பரிவாரம் துரத்தியது. உடும்பு ஓடி ஒரு புற்றுக்குள் புகுந்துகொண்டது. ஆயுதங்களால் புற்றைக் குத்திக் கிளறினார்கள். உடும்பின் வாலில் ஆயுதம் பட்டு உதிரம் பெருகியது. மன்னர் மயங்கி விழுந்தார். அப்போதுதான் அசரீரியாக இறைவன் தன்னை உணர்த்தினார். உடும்பாக வந்தவர் சிவபெருமானே! இன்றும் மூலவர் உடும்பின் வால் வடிவில் சுயம்பு லிங்கமாகக் காட்சி தருகிறார்.

'சம்பந்தர் காலம் 7-ஆம் நூற்றாண்டு, ராஜேந்திர சோழர் 11-ஆம் நூற்றாண்டு, பிறகு எப்படி?' என்று வரலாறு படித்த அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தலபுராணங்கள் ஆண்டுக் கணக்குக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. ஒரு மன்னன் எந்த இடத்தில் குறி தவறினான் என்பதுதான் இங்கே விஷயம்.

யோசித்துப் பாருங்கள். மன்னர் பக்தர். பழத்தைத் தாமே முதலில் தின்னவில்லை; இரண்டு கோயில்களுக்குப் படைத்த பிறகுதான் தின்றார். ஆனால் அந்தப் பழத்தைச் சுமந்தவன் தலை அவர் கண்ணில் படவில்லை. அவருடைய குறி முதலில் தவறியது அங்கேதான். சுமந்தவனின் பிள்ளையைத் தண்டித்தது இரண்டாவது தவறு. இறைவன் நேரே வந்து 'நீ செய்தது சரியில்லை' என்று சொல்லவில்லை. மன்னரின் ஆசைக்கு ஒரு பொன் உடும்பைக் காட்டி, ஆயுதத்தை எடுக்கவைத்து, அது எங்கே போய்ப் படுகிறது என்று பார்க்க வைத்தார். எளியவன் மேல் ஓங்கிய கை தன் மேல்தான் விழுகிறது என்று சொல்லாமல் சொல்லிவிட்டார். அந்த வடுவோடுதான் அவர் இன்றும் கருவறையில் இருக்கிறார்.

காயம் பட்டவர் காயப்படுத்தியவனை விரட்டவில்லை என்பதையும் பாருங்கள். யாதவ குலம் அழிந்த பின், கண்ணபிரானின் திருவடியை மான் என்று நினைத்து எய்த ஜரன் என்ற வேடன், ஓடி வந்து காலில் விழுந்தபோது பகவான் அவனைத் தேற்றி நற்கதி கொடுத்தாரல்லவா? மாகறலிலும் அதே கருணைதான். தவறை உணர்ந்து விழுந்தவனுக்கு 'அடைக்கலம் காத்த நாதர்'!

பட்டும் படாத குண்டு

இனி, நமக்குச் சற்றே அருகில் உள்ள காலத்துக்கு வருவோம். இமயமலை அடிவாரத்துக் குமாவோன் பகுதியில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டு மக்களைக் காத்தவர் ஜிம் கார்பெட். 1907-ஆம் ஆண்டு அவர் சுட்ட சம்பாவத் பெண்புலி, நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றது என்று 1944-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார்.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்தில் மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்ப் பல் எலும்பு வரை போயிருந்தது. என்றோ, எவரோ சுட்ட ஒரு குண்டு! மானையும் பன்றியையும் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களைப் பிடிக்கத் தொடங்கியது என்கிறார் கார்பெட். சுட்டவர் யார்? தெரியாது. 'தப்பிவிட்டது' என்று அன்று மாலையே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். அவருடைய குறி தப்பியதற்கு 436 குடும்பங்கள் அழுதன.

அதனால்தான் பொறுப்புள்ள வேட்டைக்காரர்கள் ஒரு நியதி வைத்திருந்தார்கள். 'படவில்லை' என்று தோன்றினாலும் விலங்கு நின்ற இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். உதிர்ந்த ரோமம் இருக்கிறதா, இலையில் ரத்தத் துளி இருக்கிறதா, இருந்தால் என்ன நிறம் என்று தேட வேண்டும். நுரைத்த சிவப்பு என்றால் நுரையீரலில் பட்டிருக்கிறது. காயம் பட்ட மிருகத்தைக் காட்டில் அப்படியே விட்டுவிட்டு வருவது பெரும் பாவம் என்றே அவர்கள் கருதினார்கள்.

சௌகர் என்ற இடத்தில் 1929-இல், தாய்ப்புலியும் வளர்ந்த அதன் குட்டியும் சேர்ந்து வந்தபோது, தாய் என்று எண்ணிக் குட்டியைச் சுட்டுவிட்டார் கார்பெட். தாய் தப்பியது. அதன் பிறகும் மனித உயிர்கள் போயின. அடுத்த ஆண்டுதான் அதைச் சுட முடிந்தது. அந்தப் பிழைக்கு விலையாக உயிர்கள் போனதை அவர் மறைக்காமல் எழுதினார். உலகமே கொண்டாடிய வேட்டைக்காரர் அவர். பெருமையை மட்டும் எழுதியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் எழுதினார்.

கணக்குக் காட்டிய ஊர்

தவறுக்குக் கணக்குக் காட்டும் இந்தப் பண்பு நம் உத்திரமேரூருக்குப் புதிதல்ல. அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழர் காலத்து, 919 மற்றும் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையை விளக்கும் இவற்றைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடியும் வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது என்கிறது அந்த விதி.

இதைக் கோயில் சுவரில் ஏன் வெட்டி வைத்தார்கள்? ஊருக்குக் கணக்குச் சொல்வதும் சாமிக்குக் கணக்குச் சொல்வதும் அவர்களுக்கு ஒன்றாக இருந்தது. நாமும் இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் விளக்கின் முன் உட்கார்ந்து, 'இன்று என் வாயிலிருந்து புறப்பட்டவை எங்கே போய் விழுந்தன?' என்று கேட்டுக்கொண்டால் அதுவே பெரிய வழிபாடு.

தப்பி ஓடிய பன்றி காட்டிய மலை

எல்லாத் தோல்வியும் தண்டனையா? இல்லவே இல்லை. சில வேளைகளில் இறைவனே நம் குறியைத் தப்ப வைக்கிறான்!

பெரியபுராணத்தில் திண்ணனாரின் முதல் வேட்டை. வேடர் கூட்டமே வலை கட்டிக் காட்டை வளைத்திருக்கிறது. ஆனால் ஒரு காட்டுப்பன்றி மட்டும் வலையை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. திண்ணனார், நாணன், காடன் மூவரும் அதன் பின்னே ஓடினார்கள். மற்ற வேடர்களெல்லாம் எங்கோ பின்தங்கிவிட்டார்கள். நெடுந்தூரம் ஓடிக் களைத்து நின்ற பன்றியைத் திண்ணனார் சுரிகையால் வீழ்த்தினார். பசி, தாகம். 'தண்ணீர் எங்கே?' என்று கேட்டார். பொன்முகலி ஆற்றைக் காட்டினான் நாணன். அங்கிருந்து பார்த்தால் திருக்காளத்தி மலை! மேலே குடுமித்தேவர்! ஆறே நாளில் திண்ணனார் கண்ணப்ப நாயனார் ஆனார்.

அந்தப் பன்றி முதல் வலையிலேயே சிக்கியிருந்தால்? நல்ல வேட்டை என்று மகிழ்ந்து உடுப்பூருக்குத் திரும்பியிருப்பார். நமக்குக் கண்ணப்பர் கிடைத்திருக்க மாட்டார். பிடி நழுவியதே என்று நாம் வருந்தும் வேலையும், கைகூடாத சம்பந்தமும், தவறிப்போன தேர்வும் எந்த மலையைக் காட்டுவதற்காக ஓடுகின்றனவோ, யார் கண்டார்கள்?

அர்ச்சுனன் கதையும் இதைத்தான் சொல்கிறது. வேடனாக வந்த ஈசனுக்கும் அவனுக்கும், 'பன்றியைக் கொன்றது யார் அம்பு?' என்று சண்டை. எடுக்க எடுக்கக் குறையாத அம்பறாத்தூணி அன்று காலியானது. எய்த அம்பெல்லாம் வீண்! கை ஓய்ந்து, கர்வம் ஓய்ந்து, வணங்கி நின்றபோதுதான் பாசுபதம் கிடைத்தது. சிதம்பரத்தை ஒட்டிய திருவேட்களத்தில் அந்தப் பாசுபதநாதரை இன்றும் தரிசிக்கலாம்.

ஜிம் கார்பெட்டுக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. குமாவோனில் வாராஹி தேவி அருளும் தேவிதுரா என்ற மலைத்தலம். அங்கே ஒரு புலி நடமாடியது. கோயில் பூசாரி கார்பெட்டைத் தடுக்கவில்லை. 'சுட முயன்று பாருங்கள். ஆனால் உங்களாலும் முடியாது, யாராலும் முடியாது' என்ற பொருளில் சொல்லிவிட்டார். கார்பெட் திரும்பத் திரும்ப முயன்றார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், அந்தப் புலியை அதன் போக்கில் விட்டுவிட்டுக் கிளம்பினார். 1954-இல் வெளியான தம் நூலுக்கு அந்தக் கோயில் புலியின் பெயரையே வைத்தார். இந்தியாவிலேயே பேர்பெற்ற வேட்டைக்காரர், தம்மிடம் சிக்காத ஒன்றைத் தலைப்பில் ஏற்றினார் என்றால், அதுதானே யானை தப்பிய வேலை ஏந்துவது! பின்னாளில் அவர் துப்பாக்கியைவிடப் படப்பிடிப்புக் கருவியையே அதிகம் விரும்பினார். இன்று அவர் பெயரில் இருப்பது புலிகளுக்கான சரணாலயம்.

இன்று வேட்டைக்கு நாட்டில் இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. மாகறல் இறைவன் எடுத்த உருவமான உடும்புக்கு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து, மிக உயர்ந்த பாதுகாப்பு இருக்கிறது. ஊர்ப்புறத்தில் மருந்து என்றும் கறி என்றும் சொல்லி யாராவது உடும்பைப் பிடித்தால், அன்பர்களே, உடும்பீசரை நினைவூட்டித் தடுத்துவிடுங்கள். அதுவும் சிவபூஜைதான்.

இனி நாம் செய்ய வேண்டியது

வில்லும் துப்பாக்கியும் நம் கையில் இல்லை. நாக்கு இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் பாகப் பிரிவினையில் தம்பியைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை. புகுந்த வீட்டுக்கு வந்த புதிதில் மருமகளின் தாய் வீட்டைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை. சொன்னவர் மறந்தே போயிருப்பார். பட்டவர் மறக்கவில்லை. காயம் பட்ட புலி காட்டில் சும்மா இருக்காது; காயம் பட்ட மனமும் அப்படித்தான். அந்தக் கசப்பு அடுத்த தலைமுறைப் பிள்ளைகளையும் கடிக்கிறது. சித்தப்பா யார், அத்தை யார் என்று தெரியாமலே வளர்கிற பிள்ளைகள் எத்தனை வீட்டில்!

ஆகவே, நான்கு காரியம் செய்யுங்கள். கண்ணால் காணாததன் மேல் சொல்லை எய்யாதீர்கள். எய்துவிட்டால், அது விழுந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பட்டிருந்தால், தசரதரைப் போல் நீங்களே நடந்து போய் ஒப்புக்கொள்ளுங்கள். படாமலே தப்பியிருந்தால், தடுத்த இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள்.

'அவன் முதலில் வரட்டும்' என்று தோன்றும். தைப்பூசத்தன்று பெருநகருக்கு வந்து பாருங்கள். சுற்றுவட்டாரத்து ஊர்ச் சாமிகளெல்லாம் தத்தம் கோயிலை விட்டுப் புறப்பட்டுச் செய்யாற்றுக்கு வந்து ஒன்றையொன்று சந்திக்கும். எந்தச் சாமியும் 'அந்த ஊர்ச் சாமி முதலில் என் ஊருக்கு வரட்டும்' என்று சொல்வதில்லை. எல்லோரும் ஆற்றுக்கு வருகிறார்கள். தெய்வங்களே இப்படி இறங்கி வரும்போது, தம்பி வீட்டு வாசல்படி நமக்கு அவ்வளவு உயரமா?

இந்த வாரம் ஒரே ஒருவருக்காவது தொலைபேசியில் பேசுங்கள். குறி தவறிய வேலை எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதை ஏந்தும் கைக்கு, அடைக்கலம் காத்த நாதர் துணையிருப்பார்.

தரிசிக்க...

தலம்: திருமாகறல், உத்திரமேரூர் வழி, காஞ்சிபுரம் மாவட்டம்.
சுவாமி: திருமாகறலீஸ்வரர். அம்பாள்: திரிபுவனநாயகி.
செல்லும் வழி: காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் சாலையில் சுமார் 16 கி.மீ.
சிறப்பு: திங்கட்கிழமை வழிபாடு விசேஷம். எலும்பு முறிவு, எலும்பு தொடர்பான நோய்கள் தீர அன்பர்கள் இங்கே வேண்டிக்கொள்வது வழக்கம். மருத்துவரின் சிகிச்சையோடு சேர்த்துப் பிரார்த்தனையும் செய்யுங்கள். முறிந்த உறவுகளுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்!